தம்பிக்கு, பதினோராம் நாளில்

அன்புள்ள தம்பி,

நேற்று இரவு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். இடது தாடையில் புதிதாக இரண்டு பரு, நெற்றியோரம் ஒன்று. கீழே ஒரே ஒரு வரி: "11 நாளா மாத்திரை போடுறேன், ஒண்ணும் ஆகலையே அக்கா." போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் போனில் நீ "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் திரும்ப எடுத்துப் படிப்பாய். உன் பெயர் போடாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு நீயும் சம்மதித்துவிட்டாய். இதே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற வேறு யாருக்காவதும் இது போய்ச் சேரட்டும்.

எனக்கு 19 வயதானபோது உனக்கு 9. ஒரு நாள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இவ்ளோ கொசுவா கடிச்சுது?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து அன்று முழுக்க நீ என் பக்கமே வரவில்லை. உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. யார் கை பட்டாலும் வலித்தது, அவ்வளவுதான். தலையணை பட்டாலும் வலித்தது. மல்லாந்து படுத்துத் தூங்கப் பழகியது அந்த வருஷம்தான். இப்போது நீயும் அப்படித்தான் தூங்குகிறாய் என்று அம்மா சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு எழுதிக் கொடுத்திருப்பது அன்று எனக்குக் கொடுத்த அதே மருந்து. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 100 மில்லிகிராம், தினம் ஒன்று. அதை எப்படி விழுங்க வேண்டும், எதோடு சேர்க்கக் கூடாது, எத்தனை நாளில் பலன் தெரியும், எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ அந்த வழியாகப் போக வேண்டாம்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். இன்று காலையில் உன் தாடையில் எழும்பிய பரு நேற்று ஆரம்பித்ததில்லை. மயிர்க்காலின் வாயில் தோலின் இறந்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்வதுதான் ஆரம்பம். அது கண்ணுக்கே தெரியாது. அந்த அடைப்புக்குள் பாக்டீரியா பெருகி, உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட்டு, சிவந்து வீங்கி வெளியே தெரிவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும். அதனால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே உள்ளே உருவாகிவிட்டவைதான் இந்த முதல் சில வாரங்களில் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. நேற்று வந்த மூன்றை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யாதே.

எனக்கு எப்படி மாறியது என்று சொல்கிறேன். மூன்றாவது வாரம்வரை ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது வாரத்தில் கண்ணாடியில் முகம் அப்படியேதான் இருந்தது, ஆனால் முகம் கழுவும்போது வலி குறைந்திருந்தது. புதிதாக வந்தவை சின்னதாக வந்தன, சீழ் வைக்காமலேயே அமுங்கின. ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் அம்மா என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் ஓரளவு தெரியும், 12 வாரம் ஆன பிறகுதான் இந்த மருந்து நமக்கு ஒத்துவந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்க முடியும். தினமும் காலையில் எண்ணுவதை விட்டுவிடு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து வை. நடுவில் எடுத்துப் பார்க்காதே.

அடுத்து விழுங்குகிற விஷயம். இதை நீ லேசாக எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நடந்ததை முழுசாகவே சொல்கிறேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு இரவு. மாத்திரை போட மறந்து படுத்துவிட்டேன். நினைவு வந்ததும் எழுந்து, அந்தக் கேப்சூலை வாயில் போட்டு, பாட்டிலின் அடியில் கிடந்த ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே படுத்தேன். விடியற்காலையில் நெஞ்சுக்கு நடுவில் யாரோ விரலை வைத்து அழுத்துவது போல வலி. எச்சில் விழுங்கினாலே உயிர் போனது. பச்சைத் தண்ணீர்கூட நெருப்பாக இறங்கியது. இதயத்தில்தான் ஏதோ என்று பயந்து அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கேப்சூல் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருந்தது. டாக்சிசைக்ளின் கரையும்போது நல்ல அமிலமாக இருக்கும், ஒரே இடத்தில் தங்கினால் அந்த இடத்தை அரித்துவிடும். மாத்திரையை நிறுத்தி, கஞ்சி மாதிரி நீர்த்த உணவாகவே குடித்து, ஒரு வாரம் கழித்துத்தான் ஒழுங்காகச் சாப்பிட முடிந்தது.

ஆகவே ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். உட்கார்ந்தோ நின்றோதான் விழுங்க வேண்டும். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் படுக்கவே கூடாது. "தூங்கப் போகும் முன்" என்று நீயாக வைத்திருக்கும் நேரத்தை இன்றோடு மாற்றிவிடு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே போட்டுக்கொள். சாப்பாட்டோடு போட்டால் உனக்கு வருகிற அந்தக் குமட்டலும் குறையும். பழைய டெட்ராசைக்ளினை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும், அதன் தம்பி போன்ற இந்த டாக்சிசைக்ளினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் சாப்பாட்டோடு பால் வேண்டாம். பாலில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர வேண்டியதில் கொஞ்சம் வீணாகும். பாலைவிட மோசம் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து எல்லாம். எனக்கு அப்போது ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. மறக்காமல் இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக, ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் மாதம் பாதிக்கு மேல் அப்படியே போனது. இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாக மருந்து வாங்கினேன், இருவருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. நீ சத்து மாத்திரை எதையாவது சாப்பிட்டால், அது எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும், தோல் டாக்டரிடம் சொல்லிவிடு.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ சாயங்காலம் மைதானத்தில் நிற்பவன். இந்த மருந்து உள்ளே இருக்கும்போது சாதாரண வெயிலே தோலைச் சுட்டுவிடும். எனக்கு மூக்கின் மேலும் புறங்கையிலும் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. தொப்பி போட்டுக்கொள், எண்ணெய்ப் பசை இல்லாத சன்ஸ்க்ரீன் தடவிக்கொள். பரு ஆறிய இடத்தில் நிற்கிற பழுப்புக் கறையையும் வெயில் இன்னும் கருக்க வைக்கும் என்பதால் அது உனக்கு இரட்டை நன்மை. அந்தக் கறைகள் மறைய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அவை மறையக்கூடியவை. மறையாதது பள்ளம் விழுந்த தழும்புதான். பெரிய கட்டிகளைக் கிள்ளாதே, பிதுக்காதே என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். மூன்றாவது மாத முடிவில் என் முகம் தெளிந்துவிட்டது. மாத்திரை தீர்ந்தது, நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் எல்லாம் திரும்ப வந்தது. டாக்டரிடம் போகாமல் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கினேன். கொஞ்சம் குறைந்தது. நிறுத்தினேன், வந்தது. மறுபடி வாங்கினேன். இப்படியே ஒன்றரை வருஷம். கடைசித் தடவை வாங்கியபோது முதல் தடவை கிடைத்த பலனில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு தோல் டாக்டரைப் பார்த்தேன். அந்த அம்மா அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். மயிர்க்கால் அடைத்துக்கொள்வதை இந்த மாத்திரை தடுக்காது, எண்ணெய் சுரப்பதையும் குறைக்காது என்றார். உள்ளே இருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ் என்ற பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், வீக்கத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். வீக்கத்தைத் தணிப்பது அதன் தனிக் குணம். பாக்டீரியாவை ஒன்றும் செய்யாத அளவு குறைந்த அளவிலேயே இதை ரோசேசியா என்ற இன்னொரு முகச் சிவப்பு நோய்க்குக் கொடுக்கிறார்கள். அடைப்பு உருவாவது நிற்காதவரை மாத்திரையை நிறுத்தியதும் பரு திரும்பத்தான் செய்யும். அடைப்பைத் தடுப்பது மேலே பூசுகிற அடாபலீன் மாதிரியான மருந்து. கூடவே பென்சாயில் பெராக்சைடு. அதற்கு எதிராக பாக்டீரியா பழகிக்கொள்வதில்லை, அதனால் ஆன்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுக்காமல் இதைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய வழக்கம். மாத்திரை மூன்று, நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும். கிரீம் அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.

நான் ஒன்றரை வருஷம் விழுங்கியது என் முகத்துக்கு மட்டும் போகவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். குடலிலும் தொண்டையிலும் இருக்கிற மற்ற பாக்டீரியாக்களும் அதைப் பார்த்துப் பழகி, அதற்கு அடங்காமல் போய்விடும். இந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து 1948-ல் வெளிவந்தது, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்பவர் கண்டெடுத்தது. உன் கையில் இருப்பது 1967-ல் வந்தது. மலேரியா வராமல் தடுக்கவும், உண்ணிக் காய்ச்சல் மாதிரி உயிருக்கு ஆபத்தானவற்றைக் குணப்படுத்தவும் இன்றைக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்தை நான் அலட்சியமாக வீணடித்தேன் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

உன் சீட்டில் கிரீம் எழுதியிருக்கிறது, நான் பார்த்தேன். முகம் வறண்டு உரிகிறது என்று மூன்றே நாளில் நிறுத்திவிட்டாய் என்று அம்மா சொன்னாள். மறுபடி தொடங்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒரு பட்டாணி அளவு எடுத்து, பருவுக்குப் பரு புள்ளி வைக்காமல், வருகிற பகுதி முழுக்க மெல்லிசாகப் பரப்பு. காய்ந்த முகத்தில், மேலே ஒரு மாய்ஸ்சரைசரோடு. சில வாரத்தில் தோல் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுத்துவிடும், தலையணைக்கு வெள்ளை உறை கேட்டு வாங்கிக்கொள்.

தாங்க முடியாத தலைவலி வந்து பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, உடம்பெங்கும் தடிப்பு வந்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போ. வைட்டமின் ஏ மாத்திரையைக் கூடச் சேர்க்காதே. யாராவது நண்பன் பருவுக்கே கொடுக்கிற ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிப் போட்டுவிடாதே, இவற்றில் எது உன் டாக்சிசைக்ளினோடு சேர்ந்தாலும் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடலாம். இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று: கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படி இருக்கலாம் என்றால், இந்த மாத்திரை வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், ஆன்டிபயாடிக்கால் பூஞ்சைத் தொற்று வருவது சகஜம், அதற்கு எளிய மருந்து உண்டு.

12 வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் அது உன் தப்பு இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன, டாக்டர் அடுத்ததைச் சொல்வார். அன்று உன்னோடு நானும் வருகிறேன், நீ எடுத்து வைத்த போட்டோக்களை அங்கே வைத்து முதல் தடவையாகச் சேர்ந்து பார்க்கலாம். அதுவரை கல்லூரி குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொள்ளாதே. நான் அப்படி ஒளிந்துகொண்டதால் 19, 20 வயதில் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இன்று ராத்திரிச் சாப்பாட்டோடு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். போட்டதும் ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அக்கா