பில் டெம்ப்ளேட்டில் ஒளிந்திருக்கும் வகுத்தல் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பில், ரசீது, அறிவிப்புக் கடிதம் போன்றவற்றை டெம்ப்ளேட் வைத்துத் தயாரிப்பது பற்றி உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதிரியை ஒரு தடவை எழுதி, பெயரும் தொகையும் வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு வைத்தால் ஆயிரம் பேருக்கும் தாள் தயார் என்பதைப் புதிதாகப் படிப்பவருக்கும் புரியும்படி எழுதியிருந்தீர்கள். ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலையும் டெம்ப்ளேட்டே பார்த்துக்கொள்ளும் என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் பில், டெலிவரி சலான், பேக்கிங் லிஸ்ட், பெட்டி ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கான டெம்ப்ளேட்டுகளை எழுதிக் கொடுப்பது என் தொழில். பார்ட்டிக்குப் போகும் தாளில் ஒரு எண் தவறினால் அது எங்கே போய் முடியும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள்.

பெட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 பீஸ் அனுப்ப வேண்டும், பெட்டிக்கு 48 பீஸ். இருபது பெட்டியில் 960 பீஸ் அடங்கும். மீதி 40 பீஸுக்கு இன்னொரு பெட்டி வேண்டும், ஆக 21. பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் யாரும் இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். ஆனால் டெம்ப்ளேட்டில் ஆயிரத்தை 48 ஆல் வகு என்று எழுதினால் பல கருவிகள் 20 என்றுதான் சொல்லும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை உதறிவிட்டு முழு எண்ணை மட்டும் கொடுப்பது அவற்றின் வழக்கம். இணையதளம் கட்டப் பயன்படும் ஹ்யூகோவிலும் அப்படித்தான், ஷாப்பிஃபை என்ற தளத்தில் நடக்கும் இணையக் கடைகளில் ஓடும் லிக்விட் என்ற டெம்ப்ளேட் மொழியிலும் அப்படித்தான். லிக்விட்டில் 20ஐ 7ஆல் வகுத்தால் 2 வரும். அதே 7ஐ 7.0 என்று எழுதினால் 2.857142857142857 வரும். ஒரு புள்ளியும் ஒரு பூஜ்யமும் விடையையே மாற்றிவிடுகின்றன.

இதன் விளைவை நான் ஸ்டிக்கரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் "இத்தனையில் இத்தனையாவது" என்று அச்சாக வேண்டும். பெட்டிகளை வரிசையாக எண்ணும் பகுதி 21 வரை சரியாகப் போகும், மொத்தத்தை வகுத்துக் கண்டுபிடிக்கும் பகுதி 20 என்று நிற்கும். கடைசிப் பெட்டியின் மேல் "21 / 20" என்று ஒட்டியிருக்கும். லாரி புக்கிங் ஆபீஸில் இதைப் பார்த்தால் சரக்கை எடுக்கத் தயங்குவார்கள். தயங்குவது நியாயம்தான். இங்கே தேவைப்படுவது தசமத்தை மேல்நோக்கி முழு எண்ணாக்கும் சீல் (ceil) என்ற ஃபங்ஷன், அதாவது கருவியில் தயாராக இருக்கும் கணக்குக் கட்டளை. அதையும் வகுத்து முடித்த 20 மேல் போட்டால் பயனில்லை. தசமம் உதிர்வதற்கு முன்பே, 48.0 என்று எழுதி வகுத்துவிட்டுப் போட வேண்டும்.

அதே முழு எண் வகுத்தல் இன்னொரு இடத்தில் மிகச் சரியான கருவி. எங்கள் ஊரில் பாதிச் சரக்கு டஜன் கணக்கில்தான் போகும். 100 பீஸ் என்றால் 12ஆல் வகுத்த 8 டஜன், மீதி காணும் ஃபங்ஷன் கொடுக்கும் 4 பீஸ். "8 டஜன் 4 பீஸ்" என்று பில்லில் அழகாக வந்துவிடும். ஆகவே கருவி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது எந்த வகுத்தலைச் செய்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டலிலாவது சிக்கல் இருக்காது என்று நினைப்போம். கோ என்ற நிரல் மொழியோடு வரும் டெம்ப்ளேட்டில் கூட்டல் என்ற ஃபங்ஷனே கிடையாது. பெரியதா சிறியதா என்று ஒப்பிட வழி இருக்கிறது, எத்தனை வரி என்று எண்ண வழி இருக்கிறது, ஒன்றைக் கூட்ட வழி இல்லை. வரிசை எண்ணோ அதில் பூஜ்யத்தில் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் பில்லின் முதல் ஐட்டத்துக்கு எதிரே 0 என்று அச்சாகும். அதனால் பலரும் ஸ்ப்ரிக் என்ற ஃபங்ஷன் தொகுப்பைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வரிசை எண்ணுக்கு அது போதும். ஆனால் அதிலுள்ள சாதாரணக் கூட்டல், தான் வாங்கும் எண்களை முதலில் முழு எண்ணாக்கிவிட்டுத்தான் கூட்டும். ஒன்றரைக் கிலோ துணியும் ஒன்றரைக் கிலோ துணியும் சேர்ந்தால் அங்கே 2 கிலோ! தசமத்தோடு கூட்டுவதற்கு அந்தத் தொகுப்பில் தனி ஃபங்ஷன் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். துணி எடைக்கு எந்தக் கூட்டலைப் போட வேண்டும் என்று சொல்லித் தராமல் ஒரு பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் குற்றம் அந்தப் பிள்ளையுடையது ஆகாது.

இனி ரவுண்ட் ஆஃப். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

ஐந்து சதவீத வரி உள்ள பில் ஒன்று 4,490 ரூபாய்க்கு என்று வையுங்கள். மத்திய வரி 112.25, மாநில வரி 112.25, சேர்த்து 224.50. மொத்தம் 4,714.50. இன்னொரு பில் 4,510 ரூபாய்க்கு. வரி 225.50, மொத்தம் 4,735.50. இரண்டிலும் தொங்கி நிற்பது அதே ஐம்பது பைசா. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 170ஆவது பிரிவு, வரித் தொகையில் ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்த வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது. பில்லின் மொத்தத்துக்கும் ஊரில் எல்லோரும் பின்பற்றுவது இதே வழக்கம்தான். அப்படிப் பார்த்தால் 4,715, 4,736. எக்செல்லில் ரவுண்ட் போட்டாலும் இதேதான் வரும்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஜின்ஜா டெம்ப்ளேட்டில் ரவுண்ட் என்று போட்டுப் பாருங்கள். இரண்டாவது பில்லுக்கு 4736.0 வரும். முதல் பில்லுக்கு 4714.0 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது பைத்தானின் முறை. அது பிழையல்ல. நிறைய எண்களைக் கூட்டும்போது எப்போதும் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தால் மொத்தம் வீங்கிவிடும் என்பதற்காக, யோசித்து வைத்த முறை. புள்ளியியல் வேலைக்கு நல்லது. வரி பில்லுக்கு நம் சட்டம் வேறு சொல்லும்போது அதை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் இதுதான் நடந்தது. பில் அடிக்கும் மென்பொருளை ஒருவர் எழுதிக் கொடுத்தார். தொகையை ரவுண்ட் செய்யும் வேலையை டெம்ப்ளேட்டுக்குள் வைத்துவிட்டார். லெட்ஜரோ எக்செல்லில் ஓடிக்கொண்டிருந்தது. பார்ட்டி கையில் இருக்கும் பில்லில் 4,714, இவர்கள் லெட்ஜரில் 4,715. எல்லாப் பில்லிலும் இப்படி வந்திருந்தால் உடனே பிடித்திருக்கலாம். ஐம்பது பைசாவில் முடிகிற பில்லில் மட்டும், அதிலும் சிலவற்றில் மட்டும் வந்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. வருஷக் கடைசியில் ஆடிட்டர் கேட்டார். கணக்கு எழுதும் பெண் இரவெல்லாம் உட்கார்ந்து அந்த ஒற்றை ரூபாய்களைத் தேடினாள். நீதான் தப்பாகப் பதிந்திருப்பாய் என்ற பேச்சையும் அவள்தான் கேட்டாள். மென்பொருள் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஒரு ரூபாய்தானே மேடம்" என்றார். ஒரு ரூபாய் பெரிய தொகை இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் தப்பே செய்யாத ஒருத்தி பேச்சு வாங்கியிருக்கிறாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

எக்செல் பட்டியலில் உள்ள பெயரையும் தொகையையும் வேர்டு கடிதத்தில் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்செல்லிலிருந்து வேர்டுக்கு வரும் தொகை சில சமயம் 12.3 என்பதற்குப் பதிலாக 12.300000000000001 என்று கடிதத்தில் விழும். கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும முறையில் வைத்திருப்பதால் பத்தில் மூன்று என்பதை அதனால் துல்லியமாக எழுத முடியாது. அந்த வால்தான் வெளியே தெரிகிறது. கடிதத்தில் தொகை வந்து விழும் இடமான ஃபீல்டுக்குள், தொகையின் பெயருக்குப் பின்னால் பின்சாய்வுக்கோடும் ஹாஷ் குறியும் போட்டு 0.00 என்று அமைப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும். தாளில் வரும் தொகையை வெள்ளை மையால் அடித்துக் கையால் திருத்திக்கொண்டிருக்கும் அலுவலகங்களை இன்றும் பார்க்கிறேன்.

டெம்ப்ளேட்டில் கணக்கே இருக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. டெரன்ஸ் பார் என்ற அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை உறுதியாக வாதிட்டார். தன்னுடைய ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் கருவியையும் அதே கொள்கையில்தான் செய்தார். பிறகு வந்த முஸ்டாஷ் என்ற டெம்ப்ளேட் கருவியும் அந்த வழிதான். கணக்கு ஒரு இடத்திலும் காட்சி இன்னொரு இடத்திலும் இருந்தால்தான், விலை மாறும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்பது அவர்கள் வாதம். பணத்தைப் பொறுத்தவரை நான் முழுக்க அவர்கள் பக்கம். வரி, தள்ளுபடி, ரவுண்ட் ஆஃப் எல்லாம் நிரலில் ஒரே இடத்தில் முடிந்து, முடிவான தொகை மட்டும் டெம்ப்ளேட்டுக்கு வர வேண்டும். பைத்தானில்கூட டெசிமல் என்ற பகுதியை எடுத்து, பாதி என்றால் மேலே என்று சொல்லிவிட்டால் 170ஆவது பிரிவு கேட்கும் விடை கிடைத்துவிடும். லெட்ஜருக்கும் அதே எண், பில்லுக்கும் அதே எண்.

ஆனால் வரிசை எண்ணில் ஒன்றைக் கூட்டுவதற்கும், ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு நிறம் கொடுக்க 2ஆல் வகுத்து மீதி பார்ப்பதற்கும், டஜனாகப் பிரித்துக் காட்டுவதற்கும் நிரலாளரைத் தேடி ஓடச் சொல்வது அதிகப்படி. அவை தாள் எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நாலு கணக்கும் மீதி காண்பதும் டெம்ப்ளேட்டில் இருக்கத்தான் வேண்டும்.

கணினி மையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பாடம் நடத்துகிறவர்களிடம் உங்கள் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். டெம்ப்ளேட் சொல்லித் தரும் நாளில் அடைப்புக்குறியோடு நிறுத்தாதீர்கள். 7ஐ 2ஆல் வகுக்கச் சொல்லுங்கள், அப்புறம் மைனஸ் 7ஐ 2ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சரக்குத் திரும்பி வரும்போது மைனஸ் எண் வராமல் இருக்காது. லிக்விட்டில் மைனஸ் 4 வரும், கோ வழியில் மைனஸ் 3 வரும். ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அந்த வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

புதிதாகப் பில் மென்பொருள் வாங்கும் முதலாளிகள், பணம் கொடுப்பதற்கு முன்னால் 4,490க்கு ஒன்று, 4,510க்கு ஒன்று என்று ஐந்து சதவீத வரியில் இரண்டு பில் அடித்துப் பார்க்கட்டும். 4,715, 4,736 என்று வராவிட்டால் எழுதிக் கொடுத்தவரிடம் அங்கேயே கேட்கலாம். பெட்டி ஸ்டிக்கர் உள்ளவர்கள் 1,000 பீஸ், பெட்டிக்கு 48 என்று கொடுத்துக் கடைசி ஸ்டிக்கரைப் பார்த்தால் போதும். உங்கள் கணினிப் பக்கத்தில் அடுத்து டெம்ப்ளேட் பற்றி எழுதும்போது இந்த எண்களை அப்படியே வெளியிட்டால், கணக்கு எழுதும் மேஜைகளில் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருப்பூர்