எதிர்க்கட்சியில் இருந்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா?

மதிப்பிற்குரிய மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களே, அமைச்சர்களே, துணையமைச்சர்களே, இப்போதைக்குப் பதவி இல்லாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் மாண்புமிகுகளே,

வணக்கம். எந்தக் கட்சிக்கு என்று பிரித்து எழுதவில்லை. பிரித்து எழுதினால் அடுத்த மாதமே யாராவது இடம் மாறிவிடுவீர்கள், மடல் தப்பான வீட்டுக்குப் போய்விடும். 2020 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் சிலர் கூடிச் சாப்பிட்டு எழுந்தார்கள், அடுத்த சில நாளில் நாங்கள் வரிசையில் நின்று வாக்குப் போட்டுக் கொண்டுவந்த அரசாங்கமே இல்லாமல் போனது. அதற்குத்தான் 2022-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தோமே என்பீர்கள். உண்மைதான், தனி ஆள் தாவினால் தொகுதி போய்விடும். ஒரு கட்சியே மொத்தமாகக் கூட்டணி மாறினால் ஒன்றும் ஆகாது. சில்லறை வியாபாரத்துக்குத்தான் தடை, மொத்த வியாபாரத்துக்கு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கோலாலம்பூர் கெப்போங்வாசி. புச்சோங்கில் வேலை. எல்டிபி நெடுஞ்சாலையில் போய் வருகிறேன், ஒரு டோல் சாவடிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 10 சென். இந்த 2.10 எப்படி வந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்டத்தான் இந்த மடல். ஏனென்றால் அந்தக் கதையில் உங்களில் எல்லாத் தரப்பினருக்கும் ஒரு வேஷம் இருக்கிறது.

2006 கடைசி வரை அங்கே 1 வெள்ளி. 2007 புத்தாண்டு அன்று 1.60 ஆனது. மக்கள் கொதித்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் சன்வே பக்கம் டோல் சாவடி அருகே வந்து நின்று கோஷம் போட்டார்கள். அதோடு விடவில்லை, எதிர்க்கட்சித் தலைவர்கள் நான்கு பேர் அரசாங்க ரகசியம் என்று பூட்டி வைத்திருந்த அந்தச் சாலையின் ஒப்பந்தத்தையே வெளியில் கொண்டுவந்தார்கள். அதற்காகப் போலீஸ் விசாரணையையும் சந்தித்தார்கள். அன்றைக்கு அவர்களைப் பார்த்து மனசார கைதட்டினேன், இப்போதும் அந்தத் தைரியத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாள்களில் இருந்தது இதுதான்: எந்த ஆண்டு கட்டணம் எவ்வளவு ஏற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். மக்கள் முணுமுணுப்பைப் பார்த்து அரசாங்கம் ஏற்றாமல் தள்ளிப்போட்டால், அந்தத் தொகையை நிறுவனத்துக்கு அரசே ஈடாகக் கட்ட வேண்டும். அதாவது டோல் ஏறினால் சாலையில் போகிறவன் கட்டுவான், ஏறாவிட்டால் வீட்டில் படுத்திருக்கிறவனும் சேர்ந்து கட்டுவான். நிறுவனம் நஷ்டப்பட வழியே இல்லாத ஒரு வியாபாரம். இப்படி ஓர் ஒப்பந்தம் கிடைத்தால் நாளைக்கே நான் மாட்டு வண்டிப் பாதைக்குக்கூட டெண்டர் போடுவேன்.

பிறகு 2015 அக்டோபர் 15. ஒரே நாளில் 18 நெடுஞ்சாலைகளில் கட்டணம் ஏறியது, எல்டிபி 2.10 ஆனது. அப்போதும் எதிர்க்கட்சி கொதித்தது. 2018 தேர்தல் அறிக்கையில் டோலைப் படிப்படியாக ஒழிப்போம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். ஜெயித்தீர்கள். ஜெயித்த சில மாதத்திலேயே, தேர்தல் அறிக்கை ஒன்றும் வேதநூல் இல்லை என்று அன்றைய பிரதமர் மகாதீர் சொல்லிவிட்டார். (வேதநூல் இல்லை, சரி. கடையில் எழுதிக் கொடுக்கிற கடன் சீட்டு அளவுக்காவது மதிக்கலாம் இல்லையா.)

2020 பிப்ரவரி 1 முதல் பிளஸ் நெடுஞ்சாலையில் 18 விழுக்காடு கட்டணக் குறைப்பு. பினாங்குக்குப் போய்வர மிச்சமாகிறது என்று நாங்களும் மகிழ்ந்தோம். கூடவே சின்ன எழுத்தில் ஒன்று வந்தது: 2038-இல் முடிய வேண்டிய டோல் வசூல் 2058 வரை நீட்டிக்கப்பட்டது. அப்பனுக்கு 18 விழுக்காடு தள்ளுபடி கொடுத்து, மகனுக்கும் பேரனுக்கும் இன்னொரு 20 ஆண்டு பில் அனுப்பியிருக்கிறீர்கள். இதைச் செய்தவர்களில் பலர் 2007-இல் சாவடியில் நின்றவர்களின் கூட்டாளிகள். டோலை ஒழிப்பது என்றால் நாங்கள் ஒழிந்த பிறகு என்று அர்த்தம் போலிருக்கிறது.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் நிறுவனத்தில் 49 விழுக்காடு நம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். மீதி அரசாங்க முதலீட்டு நிறுவனம் கசானாவின் கையில். ஆக, நான் டோல் கட்டுகிறேன், அதில் ஒரு பகுதி லாபமாகி, என் வயோதிகக் காலச் சேமிப்புக்கு ஈவுத்தொகையாகத் திரும்பி வருகிறது. டோலைத் திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது. எனக்கே நான் வட்டி கட்டுகிறேன், நடுவில் இருப்பவர்களுக்குச் சம்பளம். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. டோலை ஒரே கையெழுத்தில் தூக்கிவிட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. உங்களுக்கும் 2018-க்கு முன்பே புரிந்திருக்கும், அதுதான் வலிக்கிறது.

2022-இல் எல்டிபி, ஸ்பிரிண்ட், கெசாஸ், ஸ்மார்ட் ஆகிய நான்கு சாலைகளையும் தனியாரிடமிருந்து அமானாட் லெபுராயா ராக்யாட் என்ற புது நிறுவனம் வாங்கியது. விலை 548 கோடி வெள்ளி. கடன் பத்திரம் போட்டுத் திரட்டிய பணம். இனிக் கட்டணம் ஏறாது, கடன் அடையும் வரை நாம் டோல் கட்டினால் போதும் என்றார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 20 வருஷத்துக்கு மேல் நாங்கள் கட்டிக் கட்டி வளர்த்த சாலையை, பழைய முதலாளிகளுக்குக் கைநிறையக் கொடுத்து வாங்கி, அந்தக் கடனையும் நாங்களே கட்டுகிறோம். பெயரில் மட்டும் மக்கள் நெடுஞ்சாலை.

பெருநாள் காலத்து இலவச டோலும் அப்படித்தான். தீபாவளிக்கு முதலமைச்சர் வீட்டுப் பலகாரம் போல அதை அறிவிப்பீர்கள். அந்த இரண்டு நாள் வருமானத்தை நிறுவனங்களுக்குக் கருவூலத்திலிருந்து கொடுத்துவிடுகிறீர்கள். 2025 முதல் அதுவும் பாதியாகிவிட்டது. தியாகம் செய்த நிறுவனம் ஒன்றுகூட இல்லை, வாழ்த்துச் சொன்ன அமைச்சர்கள் ஏராளம்.

இப்போது சிக்கனம் பற்றிப் பேசுவோம், உங்களுக்குப் பிடித்த பேச்சு. நாடு கடனில் இருக்கிறது, உதவித் தொகையைச் சீரமைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் டீசல் விலையை 2.15-இலிருந்து ஒரே இரவில் 3.35 ஆக்கினீர்கள். அந்த ஆண்டு மார்ச்சிலேயே சேவை வரி 6-இலிருந்து 8 விழுக்காடு. 2025 ஜூலையில் விற்பனை, சேவை வரி இன்னும் விரிந்தது. ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் வரி என்றீர்கள், சத்தம் கிளம்பியதும் அது மட்டும் வேண்டாம் என்றீர்கள். நாடு ஏன் கடனில் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்துக்காக அமெரிக்க வங்கி கோல்ட்மன் சாக்ஸ் 2012, 2013-இல் 650 கோடி அமெரிக்க டாலர் பத்திரம் திரட்டிக் கொடுத்து, அதற்குக் கூலியாக ஏறக்குறைய 60 கோடி டாலர் வாங்கிக்கொண்டது. பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. செந்தூலில் வீட்டுத் தரகர் இவ்வளவு கேட்டால் செருப்பு பறக்கும். அந்தப் பத்திரங்களில் ஒன்று, 300 கோடி டாலர், 2023 மார்ச்சில் முதிர்ந்தபோது கட்டித் தீர்த்தது நம் நாட்டுப் பணம்.

2018-இல் நாட்டுக் கடனை அடைக்கலாம் வாருங்கள் என்று ஒரு நிதியம் திறந்தீர்கள். சிறுபிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து போட்டார்கள், 20 கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. அதே காலத்தில்தான் முன்னாள் பிரதமர் நஜிப்போடு தொடர்புடைய வீடுகளிலிருந்து 567 கைப்பைகளையும் 12,000 நகைகளையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அப்புறம் 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சியின் பண வழக்கில் அவருக்கு 12 ஆண்டுச் சிறை, 21 கோடி வெள்ளி அபராதம். 2024-இல் மன்னிப்பு வாரியம் அதை 6 ஆண்டு, 5 கோடி என்று குறைத்தது. என் போக்குவரத்து அபராதச் சமானுக்கு நல்ல நாளிலேயே பாதித் தள்ளுபடிதான். இதற்கு மேல் எழுதினால் நானும் ஏதாவது வாரியத்தைப் பார்க்க வேண்டி வரும், விடுங்கள்.

எங்களுக்கு நீங்கள் தந்ததையும் மறக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 31, தேசிய தினம், 18 வயது தாண்டிய எல்லோரின் மைகாட் அடையாள அட்டையிலும் அடிப்படைப் பொருள் வாங்க 100 வெள்ளி. எங்கள் தாமான் (குடியிருப்பு) அக்கா ஒருவருக்குத் துணையாகப் பேரங்காடிக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அக்கா எதெது பட்டியலில் இருக்கிறது என்று பேத்தியிடம் கேட்டுக் கேட்டு அரிசிப் பை, எண்ணெய், மாவு, முட்டை எடுத்து வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பையன் அட்டையைச் செருகினான், எடுத்தான், சட்டையில் துடைத்து மறுபடி செருகினான், தலையை ஆட்டினான். நாடு முழுக்க அன்றைக்குக் கணினி திணறிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் முனக ஆரம்பித்ததும் அக்கா எண்ணெயையும் மாவையும் ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் இருந்த சுருக்குப் பையைப் பிரித்து அரிசிக்கும் முட்டைக்கும் மட்டும் காசு கொடுத்தார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: டோல் சாவடியில் என் அட்டையிலிருந்து 2.10 கழிக்க எந்தக் கணினியும் இப்படித் திணறி நான் பார்த்ததில்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் இதைவிடப் பெரிய தாராளம் காட்டினீர்கள். அமைச்சர்களும் துணையமைச்சர்களுமாக 70 பேர் பதவியேற்றார்கள். ஊரில் சனங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிச் சோறு கேட்டார்கள். அரசு செய்த பெரிய உதவி, எங்கள் இபிஎஃப் சேமிப்பை நாங்களே எடுத்துச் சாப்பிட அனுமதித்தது. 14,500 கோடி வெள்ளி அப்படிக் கரைந்தது. எங்கள் சட்டைப் பையில் இருந்து எங்களுக்கே தானம்.

2024 பிப்ரவரி முதல் அரசு வேலையில் சேருகிற தாதிக்கும் ஆசிரியருக்கும் ஓய்வூதியம் கிடையாது, இபிஎஃப்தான் என்று அறிவித்தீர்கள், நாடு தாங்காதாம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது, 36 மாதப் பணி, 50 வயதில் ஓய்வூதியம். மூன்று வருஷத்தில் ஒரு தாதிக்கு ஊசி போடும் கை பழகியிருக்கும், அவ்வளவுதான்.

நம் சமூகத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் தமிழில் எழுதுவதற்கே அர்த்தமில்லை. டோல் என்றதும் எங்கள் தலைமுறைக்கு மறைந்த சாமிவேலுவின் முகம்தான் வரும், பல ஆண்டு பொதுப்பணி அமைச்சராக இருந்தவர். அவர் தலைமையில் மஇகா (மலேசிய இந்திய காங்கிரஸ்) 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது தோட்டத்துச் சனங்கள் தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். 1990-இல் தொலைபேசி நிறுவனம் டெலிகோமின் பங்கு ஒரு கோடி அதற்கு ஒதுக்கப்பட்டது. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 10 லட்சம், மீதி 90 லட்சம் மூன்று நிறுவனங்களுக்குப் போனது. விசாரித்தார்கள், யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. 2010-இல் பங்குதாரர்களிடமிருந்து ஒரு பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். 1 வெள்ளி போட்டு, 28 வருஷம் காத்திருந்து, 80 சென்.

அதையெல்லாம் மாற்றுவோம் என்று வந்தவர்கள் 2018-இல் இந்தியச் சமூகத்துக்கு உதவும் அரசுப் பிரிவான செடிக்கை மித்ரா ஆக்கினீர்கள். ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி. 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் வந்து கைது செய்யும் அளவுக்கு அந்தப் பணம் புகழ் பெற்றது. அதற்குப் பிறகு ஒற்றுமைத் துறைக்கும் பிரதமர் துறைக்கும் நடுவே அது பந்தாடப்பட்டதைப் பார்த்தோம். எங்கள் பிள்ளைகளுக்கான பணம் எந்த மேசையில் இருக்கிறது என்பதே ஒரு செய்தியாகிவிட்டது.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டோல் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும், 2020, 2022-இல் போட்டவை உட்பட, ஒரு வரி கறுப்படிக்காமல் இணையத்தில் போடுங்கள். அமைச்சின் நூலகத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பழைய கதை வேண்டாம். 2007-இல் ரகசியச் சட்டத்துக்குப் பயப்படாமல் நீட்டிய கைகள் இப்போது கையெழுத்துப் போடும் கைகளாகிவிட்டன, யாரும் உங்களை விசாரிக்கப் போவதில்லை. மித்ரா பணம் எந்த அமைப்புக்கு, எவ்வளவு, எதற்கு என்பதை ஆண்டுதோறும் பெயரோடு வெளியிடுங்கள். ஓய்வூதியத்தில் தாதிக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம் என்பதை முடித்துவிடுங்கள், அதற்கு ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து கைதூக்கினால் ஒரு பிற்பகல் போதும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருவீர்கள், தெரியும். வழக்கமாக அந்த ஆளுயர மாதிரிக் காசோலை அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு மூலையைப் பிடிப்பார், கோயில் தலைவர் இன்னொரு மூலையை, நடுவில் நீங்கள் மாலையோடு சிரிப்பீர்கள். படம் எடுத்த பிறகு அந்த அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் பள்ளிக்கூட ஸ்டோர் அறையில் சாய்த்து வைப்பார்கள். இந்தத் தடவை அட்டையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுவாருங்கள். கனமாக இருந்தால் தூக்க ஆள் தருகிறோம், காவடி எடுத்துப் பழகியவர்கள்.

இப்படிக்கு,
கெப்போங் வாக்காளன் ஒருவன்

பி.கு: தீபாவளிக்கு எங்கள் சாலை முனையில் குத்துவிளக்கைவிட உங்கள் முகம் பெரிதாக ஒரு பதாகை கட்டினீர்களே, அதற்கு யார் காசு கொடுத்தது?