குளவிக்கு ஒரே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரவள்ளி மாவுப்பூச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், எந்த மருந்தை எத்தனை மில்லி கலப்பது என்பதற்கே முக்கால் பக்கம் போய்விட்டது. அந்தப் பூச்சியைக் கொல்லும் அனகைரஸ் லோபெஸி என்ற ஒட்டுண்ணிக் குளவிக்கு ஒரு வரிதான். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) போடுகிறவர்களுக்கு அது போதாது.

பூச்சி, குளவி இரண்டுக்குமே பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களில் பூச்சி மட்டும் ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியைச் சூறையாடியது. 1981இல் பராகுவேயில் குளவியைக் கண்டெடுத்து நைஜீரியாவில் விட்டார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய சுவிஸ் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் பூச்சி முதலில் தென்பட்டது கேரளத்தில், 2020இல். பெனின் நாட்டிலிருந்து தருவித்த குளவியை 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

குளவி என்றதும் பயப்பட வேண்டாம். 2 மில்லிமீட்டர் அளவுதான், மனிதரைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சியை உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி ஊதிப் பழுப்பாகி, கூடுபோல் கெட்டிப்படும். இரண்டு மூன்று வாரத்தில் வட்டமாகத் துளை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். சில பூச்சிகளில் முட்டை வைக்காமல் வெறுமனே குத்தி, கசியும் திரவத்தைக் குடிப்பதும் உண்டு. இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது: சின்னப் பூச்சி கிடைத்தால் பெரும்பாலும் ஆண் முட்டை, பெரிய பூச்சியென்றால் பெண் முட்டை. கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்றது பெண்ணாகவும் வளர்வதால் தாய்க்கு இது கைகூடுகிறது. (மாவுப்பூச்சிக்கோ பெருக ஆண் துணையே வேண்டாம். அதனால்தான் அந்த வேகம்!)

இதெல்லாம் தெரியாமல் மருந்து அடித்தால் என்ன ஆகும்? மாவுப்பூச்சி மெழுகுப் பூச்சுக்குள், சுருண்ட கொழுந்துக்குள் பதுங்கிக்கொள்ளும். திறந்த வெளியில் திரியும் குளவிதான் முதலில் சாகும். பூச்சி தாக்கிய வயலில் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) எடுக்காதீர்கள் என்று கட்டுரையில் சொன்னது மிகச் சரி. அதோடு, கொழுந்தில் எறும்பு ஏறுகிறதா என்று பார்க்கவும் சொல்லியிருக்கலாம்; தேன்கழிவுக்காக (மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புத் திரவம்) மாவுப்பூச்சியை அண்டியிருக்கும் எறும்பு, குளவியை நெருங்க விடாது.

அடுத்த இதழில், கெட்டித்துத் துளை விழுந்த பூச்சியின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். மருந்துக்கடைக்குப் போகுமுன் கொழுந்தைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு எதைத் தேடுவது என்று தெரியும்.

மரவள்ளி விவசாயி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்