மேற்குப் பக்கத்துக்குப் புங்கன்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

புது வீட்டின் மேற்குப் பக்கத்தில் பதினெட்டு அடி இடம் விட்டிருப்பதாகவும், சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும், இலை கொட்டாத, பராமரிப்பும் கேட்காத மரம் ஒன்றைச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். இந்த மூன்றும் ஒருசேரப் பொருந்திய மரத்தை நான் கண்டதில்லை. அதிலும், சீக்கிரம் வளரும் மரம்தான் பிற்பாடு வேலை வைக்கிறது.

நம் வாசலில் நின்ற குல்மோகர் உனக்கு நினைவிருக்கும். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அந்த மரம் சில ஆண்டுகளிலேயே மாடியைத் தொட்டு, கோடைதோறும் சிவக்கச் சிவக்கப் பூத்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட விடியற்காலையில், அது வேரோடு சாய்ந்து சுற்றுச்சுவரையும் இடித்துத் தள்ளியது. மழை விட்டபின் குழியைப் பார்த்தேன். வேர்கள் பாய் விரித்தாற்போல் மேல்மண்ணிலேயே படர்ந்திருந்தன, ஆழத்துக்கு இறங்கிய வேர் ஒன்றுகூட இல்லை. கொல்லையில் நின்ற புங்கனோ நான்கு கிளைகளை இழந்ததோடு சரி.

ஆகவே உனக்கும் புங்கனைத்தான் சொல்வேன். மாசி, பங்குனியில் அது இலை உதிர்க்கும். இரண்டு மூன்று வாரம் நீ கூட்டத்தான் வேண்டும். ஆனால் வெயில் உறைக்கும் சித்திரைக்குள் தளிர்த்துக் கவிந்துவிடும் என்பதால், நிழல் தேவைப்படும் நாளில் அது கைவிடுவதில்லை. கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்பினால் ஈரம் காக்கும், மக்கி உரமும் ஆகும். இலைகளில் கொப்புளங்கள் கண்டால் மருந்தடிக்க ஓடாதே. அதனால் மரம் சாவதில்லை.

வேம்பு அந்த இடத்துக்குப் பெரிது. பூவரசைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு வளர்ப்பது எளிதுதான் என்றாலும், அப்படி வளர்ந்தது ஆணிவேர் இல்லாமல் நிற்கும். வைப்பதானால் விதைக்கன்றாக வை. வாசலுக்கு மகிழம் நல்லது, ஆனால் மெல்ல வளரும். சுந்தரர் சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ததாகச் சொல்லும் திருவொற்றியூர் மரமும் மகிழம்தான். அவர் சொன்ன சொல் தவறியதற்கு மரம் என்ன செய்யும்!

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதே. நெடுநாள் பையில் இருந்த கன்றின் வேர் அடியில் கயிறு சுருட்டியதுபோல் வளைந்திருக்கும். அப்படியே நட்டால் பிற்காலத்தில் காற்றுக்கு நிற்காது. இடுப்புயரக் கன்றே போதும். மூன்றடி ஆழ, அகலக் குழி எடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடியாவது தள்ளி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆவணியில் நடு. முதல் இரண்டு கோடைக்கு, தண்டை ஒட்டி ஊற்றாமல் சற்றுத் தள்ளிப் பாத்தி கட்டி, வாரம் இரு முறை நிறையத் தண்ணீர் விடு. நாள்தோறும் ஒரு குவளை தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். அதன்பின் அதற்கு நீ தேவையில்லை. மரத்தைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நான் வேண்டாமென்றதாகச் சொல்.

கழிவுநீர்த் தொட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பதை நீ எழுதவே இல்லை. அதைத் தெரிவித்த பிறகு குழி எடு.

அன்புடன்,
அப்பா