ஊரில்லாத பிள்ளைகளுக்கு ஊர் தந்தவர்களுக்கு

அரசலாற்றங்கரையில், தாராசுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் நம் ஊரின் அப்பாயிகள், சித்தப்பாக்கள், அத்தைகள், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதத்தில் 10 நாள், சென்னை பெரும்பாக்கத்திலிருந்து 19 பிள்ளைகளோடு வந்து உங்கள் வீடுகளில் தங்கினோம். கிளம்பும்போது அழுகையும் மூட்டையுமாக இருந்ததில் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்தால் ஒரு வருத்தம் வரும். பள்ளியில் மற்றவர்கள் "லீவுக்கு ஊருக்குப் போறோம்" என்பார்கள். இவர்களுக்குப் போக ஊர் கிடையாது. இவர்கள் குடும்பங்கள் அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவை. அங்கிருந்து இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவை. பாட்டி வீடு என்றால் அடுத்த பிளாக்கில் ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாளில் அதுவும் தூரம்தான்.

ரயில் டிக்கெட்டுக்குப் பணம் போட்ட நண்பர்களுக்கு முதல் நன்றி. உழவன் ரயிலில் விடியும் முன்னே கும்பகோணத்தில் இறங்கியபோது, வேனோடு காத்திருந்த அண்ணன் டீசல் காசுகூட வாங்கவில்லை. வீட்டுக்கு ஒரு மரக்கால் அரிசி என்று நீங்கள் முன்பே சேர்த்து வைத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் ராத்திரி ஒருவரும் தூங்கவில்லை. "சத்தமே இல்ல மிஸ், பயமா இருக்கு" என்றார்கள். பெரிய வீட்டு அப்பாயி பரணிலிருந்து ஒரு பழைய டேபிள் ஃபேனை இறக்கச் சொன்னார். காற்று சுமார்தான், சத்தம் மட்டும் லாரி மாதிரி. அது ஓடத் தொடங்கியதும் 19 பேரும் தூங்கிப்போனார்கள். சத்தத்தில் அப்பாயிதான் தூங்கவில்லை. அதைக் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் ஆற்றைப் பார்க்க ஓடினார்கள். வெறும் மணல். "தண்ணி எங்க ஆயா?" என்றான் ஒருவன். "அப்பாயின்னு கூப்புடு. தண்ணி மேட்டூர்ல இருக்கு. ஜூன் 12 தொறப்பாங்க, கல்லணை வந்து அப்புறம் நம்ம ஆத்துக்கு வரும்" என்றார். "சாவி யாருகிட்ட இருக்கு?" என்று அவன் கேட்க, அப்பாயி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கையால் மணலைத் தோண்டி ஊற்று காட்டினார். அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்ததைப் பார்த்து ஒரு பிள்ளை மூச்சே விடவில்லை. குடத்துக்கும் லாரிக்கும் பழகியவள். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறாள். இன்னும் திறக்கவில்லை.

பம்புசெட்டுக்காரச் சித்தப்பா தினமும் காலையில் மோட்டார் போட்டுவிட்டு வரப்பிலேயே காவல் நின்றார். ஒரு பிள்ளைக்கு வழுக்கினாலும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிடுவார். நுங்கு சீவித் தந்த தாத்தா, நுங்கு தின்று முடித்த காயை வைத்து வண்டி கட்டவும் சொல்லித் தந்தார். ஊரே அந்த வண்டி ஓட்டத்தில் தெருவை விட்டு ஒதுங்கி நின்றது.

தாராசுரம் கோயிலுக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணன்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது என்று நான் ஆரம்பித்தேன், யாரும் கேட்கவில்லை. எல்லோரும் இரண்டு உடம்புக்கும் ஒரே தலை இருக்கும் அந்தச் சிற்பத்தின் முன் நின்றார்கள். ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. காளைக் கட்சி, யானைக் கட்சி என்று சண்டை. ராத்திரிச் சாப்பாடு வரை இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை. ஆட்டோ அண்ணன் பஞ்சாயத்து பண்ணி இருவருக்கும் ஆளுக்கொரு சேமியா ஐஸ் வாங்கித் தந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை இரண்டே உடுப்போடு வந்திருந்தாள். கடைசி வீட்டு அத்தை அதைக் கவனித்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. கும்பகோணம் போய் பெண் பிள்ளைகள் 11 பேருக்கும் ஒரே துணியில் பாவாடை எடுத்து வந்துவிட்டார். யாருக்காக வாங்கினார் என்று பிள்ளைகளுக்கு இன்றுவரை தெரியாது. முன்பொரு தடவை, நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தவர்கள் படம் எடுப்பதற்காக இதே பிள்ளைகளை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அத்தை, உங்கள் கையை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

மணலில் கால் கிழித்துக்கொண்டவனுக்கு மருந்து வைத்துக் கட்டிய நர்ஸ் அக்காவுக்கும், கணக்கே எழுதாத டீக்கடை மாமாவுக்கும் நன்றி.

பிள்ளைகள் இப்போது "எங்க ஊர்ல" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஜூன் 12 அன்று அப்பாயிக்கு போன் போட்டு, சாவி கொடுத்தாச்சா என்று கேட்கப் போகிறார்களாம். அப்பாயி தயாராக இருக்கட்டும்.

அப்புறம், மாவடு போட்டுக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. மூடியில் பேர் அழிந்திருக்கிறது. யாருடையது என்று சொல்லுங்கள், அடுத்த சித்திரையில் நேரில் கொண்டுவந்து தருகிறோம். பம்புசெட்டுத் தொட்டியோரம் நீல நிற இடது கால் செருப்பு ஒன்று கிடந்தால் அதுவரை எடுத்து வையுங்கள்.