ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்

எங்கள் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவு அலுவலர்களுக்கு, வணக்கம்.

முப்பதுக்கு நாற்பது மனை. அப்பா முப்பது வருடத்துக்கு முன்னால் அம்மா பெயரில் வாங்கிப் போட்டது. கீழே அம்மா, முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் தங்கை குடும்பம் என்று மூன்று வீடு கட்டுவதற்காக, ஒற்றைச் சாளர இணையதளத்தில் வரைபட அனுமதிக்கு மனுப் போட்டோம். நான்கு முறை திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம்.

முதல் காரணம் நியாயமானதுதான். கிரயப் பத்திரத்தில் மனை 1,200 சதுர அடி. பட்டாவில் 1.10 ஏர், அதாவது 110 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,184 சதுர அடிதான் வருகிறது. 16 சதுர அடியைக் காணோம். எங்கள் பழைய வீட்டில் துவைகல் கிடந்த இடம் அவ்வளவுதான் இருக்கும். பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றீர்கள். சரி. 2019-இல் வந்த கட்டட விதிகளின்படி எங்களைப் போன்ற வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அப்படியென்றால் மனையில் 16 போனால் கட்டடத்தில் 32 போகும். 2,390 சதுர அடிக்கு வரைந்ததை 2,368-க்குள் அடக்க வேண்டியதாயிற்று. பொறியாளர் தங்கை வீட்டுச் சாமான் அறையை எடுத்துவிட்டார். தங்கை இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.

திருத்திய வரைபடத்தை ஏற்றினோம். அது ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது: வில்லங்கச் சான்று பழையதாகிவிட்டதாம். மனுப் போட்ட அன்று அது புதுசுதான். உங்களிடம் இருந்தபோதுதான் அதற்கு வயதானது. புதுச் சான்று வாங்கிப் போட்டோம். மூன்றாவது முறை, பத்திரத்தில் அம்மாவின் கணவர் என்று போட்டிருக்கும் அப்பா பெயருக்கு முன்னால் இரண்டு தலைப்பெழுத்து, பட்டாவில் ஒன்றுதான் என்று வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அம்மா உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினார். "நாற்பது வருசம் ஒருத்தரோடதான் குடும்பம் நடத்துனேன்னு இப்ப எழுதிக் குடுக்கணுமா?" என்று அந்த நோட்டரியையே கேட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

நான்காவது, மழைநீர் சேகரிப்பு அமைப்பு வரைபடத்தில் தெளிவாக இல்லை என்பது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம் என்று எங்கள் மேஸ்திரிக்குக்கூடத் தெரியும். முதல் நாள் ஏற்றிய வரைபடத்திலிருந்தே ஈசானிய மூலையில் அந்தக் குழி இருக்கிறது. கோடு மெல்லிசாக இருந்ததோ என்னவோ, இப்போது தடித்த கோடு போட்டிருக்கிறோம்.

இந்த நான்கில் எதையும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் வயதான வில்லங்கச் சான்றைத் தவிர மற்ற மூன்றும் முதல் நாளே உங்கள் திரையில் இருந்தவை. பத்திரமும் பட்டாவும் வரைபடமும் அன்றைக்கே ஏற்றியாயிற்று. அளவைப் பார்த்த கண் அதே பட்டாவில், அதே பக்கத்தில் இருந்த பெயரையும் பார்த்திருக்கலாம். அந்த மூன்று குறையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பத்து நாளில் முடித்துக் கொடுத்திருப்போம். தவணை தவணையாகச் சொன்னதில் எட்டு மாதம் போய்விட்டது. அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கி கடனை விடுவிக்காது. அதுவரை இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். முன்கூட்டி வாங்கிய கம்பி மனையில் தார்ப்பாய்க்குள் துருப்பிடிக்கிறது. கம்பியை அவசரப்பட்டு வாங்கியது எங்கள் தப்புதான்.

இன்னொன்று. உங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றால், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறார். யாரைப் பார்க்க வேண்டும், என்ன கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அவருக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கோப்பு காரணம் மாற்றி மாற்றித் திரும்பும் வரை அந்த ஆளுக்கு அங்கே வேலை இருக்கும்.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதோடு முதல் தளமோ கட்டுபவர்களுக்கு உடனடி அனுமதி. எங்கள் கட்டடம் அதைவிடச் சிறியது. இரண்டாம் மாடி இருக்கிறது, அதனால் அதில் சேராது. இந்த வேடிக்கையையும் பாருங்கள்: மூன்றே வீடு, 750 சதுர மீட்டருக்குள் என்பதால் கட்டி முடித்த பிறகு எங்களுக்கு நிறைவுச் சான்றே தேவையில்லை. கட்டி முடித்ததும் வந்து பார்க்கப் போவதில்லை, கட்டுவதற்கு முன்னால் அப்பாவின் தலைப்பெழுத்தை எண்ணுகிறீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். ஒரு மனுவைத் திருப்பும்போது அதில் உள்ள எல்லாக் குறையையும், எந்த விதிப்படி என்ற எண்ணோடு, தமிழில், ஒரே கடிதத்தில் எழுதுங்கள். அதில் சொல்லாத குறையை, கோப்பில் நாங்களே ஏதாவது மாற்றினால் ஒழிய, அடுத்த முறை எழுப்பாதீர்கள். உங்கள் தாமதத்தால் காலாவதியான சான்றுக்கு எங்களைத் திரும்ப அலையவிடாதீர்கள்.

ஐந்தாவது முறையாகப் போன வாரம் ஏற்றியிருக்கிறோம். தை மாதம் வாசக்கால் வைக்க அம்மா நாள் குறித்து வைத்திருக்கிறார். இன்னும் ஏதாவது இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திரையில் ஐந்தாவது முறையாக நிற்கும் மனுதாரரின் மகன்