"சிறிதளவு யூரியா" என்றால் எத்தனை கிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாத இதழில் வந்த கறவை மாட்டுத் தீவனக் கட்டுரை நன்றாகவே இருந்தது, ஒரு வரி வரும்வரை. "தவிட்டுடன் சிறிதளவு யூரியா கலந்து கொடுத்தால் புரதம் கூடிப் பால் பெருகும்." ரசத்துக்குப் பெருங்காயம் போடச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கட்டுரையாளர் கொட்டகைத் தரையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆய்வுக்கூடத்தில் தழைச்சத்தை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு கிலோ யூரியா ஏறத்தாழ 2.87 கிலோ புரதம்! காகிதத்தில் மட்டும். மாட்டின் முதல் வயிற்றில் அது உடைந்து அம்மோனியாவாகும். அதைப் பிடித்து நுண்ணுயிர்கள் புரதமாக்க வேண்டுமென்றால், அதே நேரத்தில் மக்காச்சோள மாவோ கரும்பாலைப் பாகோ உள்ளே இருக்க வேண்டும். வெறும் வைக்கோல் தின்ற மாட்டுக்கு அது கிடையாது. அம்மோனியா நேரே ரத்தத்தில் ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் தசை நடுங்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு உப்பும், கால் பின்னி விழும்.

"தவிட்டுடன் கலந்து" என்கிறாரே, நம் ஊரில் தவிட்டை யார் உலர்வாகப் போடுகிறார்கள்? கழுநீர்த் தாழியில் கொட்டிக் கையால் கலக்கி வைக்கிறோம். யூரியா நீரில் உடனே கரையும். மாடு மெல்லாமல் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். பழக்கமில்லாத மாட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம் போனாலே ஆபத்து. 300 கிலோ மாட்டுக்கு 150 கிராம். மீதியை நக்க வரும் 25 கிலோ வெள்ளாட்டுக்குப் பன்னிரண்டு கிராம் போதும். "சிறிதளவு" இதில் எது?

யூரியாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தீவனக் கலவை போட்டுப் பிழைப்பவன் அப்படிச் சொல்ல முடியாது. தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த அடர்தீவனம் 100 கிலோவில் யூரியா ஒரு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இந்தியத் தரக் குறியீடும் அதைத்தான் சொல்கிறது. கட்டியை உடைத்துச் சலித்து, முதலில் மக்காச்சோள மாவில் பிசறி, பிறகு மொத்தத்தில் சேர்க்க வேண்டும். மூன்று வாரத்தில் படிப்படியாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. பச்சை சோயா இருக்கும் கலவையில் சேர்த்தால் அதிலுள்ள நொதியே யூரியாவை உடைத்து, மூட்டையைத் திறக்கும்போதே அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். யூரியாவுக்கு உண்மையிலேயே ஏற்ற இடம் வைக்கோலைப் பதப்படுத்துவதுதான்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பது. எடுத்ததும் போடாமல், நெடி போக ஒரு மணி நேரம் விரித்துவிட வேண்டும். இதற்குக் கட்டுரையில் இடமில்லை. பட்டுச் சேலையில் ஒரு அம்மா புல் கட்டைத் தூக்கும் படத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைந்தால் புண்ணாக்கைக் கூட்டுங்கள் என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். எஸ்.என்.எஃப். விழுவது பெரும்பாலும் மாவுச்சத்து போதாமல். மிஞ்சிய புரதம் ஈரலில் யூரியாவாகி மூத்திரத்திலும் பாலிலும் போகும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். புண்ணாக்குக் கடைக்காரருக்குத்தான் லாபம். அதற்கு நான் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில், இதழைப் பாராட்டிய முதல் இரண்டு வரியை மட்டும் அச்சிட்டீர்கள். நன்றி. "22 சதம் புரதம்" என்று பின்னட்டையில் விளம்பரம் போடுகிறீர்களே, அதில் யூரியாவின் பங்கு எவ்வளவு என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? 2008-இல் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் தழைச்சத்து மிகுந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே பெருக்கல் கணக்கை ஏமாற்றத்தான்.

பால் பெருக யூரியாவைத் தேட வேண்டியதில்லை. மக்காச்சோள மாவு 35 கிலோ, கடலைப் புண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 25, துவரம் பொட்டு 15, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. இதில் புரதம் ஏறத்தாழ 18 சதம் வரும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் அந்த மூட்டையே வேண்டாம். ஒரு மாட்டுக்கு நாளைக்கு இந்தக் கலவையில் உடம்பு தாங்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. கூட ஏழெட்டுக் கிலோ வேலிமசால் பசுந்தீவனம் இருந்தால் புண்ணாக்கில் கொஞ்சம் குறைக்கலாம்.

கேட்பது சிறிய காரியம்தான். அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு கட்டம் போடுங்கள். அளவைக் கிராமில் எழுதுங்கள். தாழியில் கரைக்காதீர்கள் என்று எழுதுங்கள். யாராவது ஏற்கெனவே கொடுத்து மாடு நடுங்கினால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். வினிகர் நாலு லிட்டரும் நிறையக் குளிர்ந்த நீரும் தயாராக இருக்கட்டும். அதை மருத்துவர் குழாய் வழியே செலுத்துவார். நுரை தள்ளும் மாட்டுக்கு நாமே வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இதழ் வெளிவந்து ஒன்பது நாளாகிறது. கட்டம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்